பெற்றோர் கையெழுத்துப் போடும் அந்தத் தாள்: எது சட்டம், எது பள்ளி விதி, எது உடன்பாடு?

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் பிள்ளைகள் ஒரு தாளை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். சில பள்ளிகளில் அது டைரியின் முன்பக்கங்களிலேயே அச்சாகியிருக்கும். கல்லூரி என்றால் சேர்க்கைப் படிவங்களோடு சேர்த்துப் பின் அடித்த நாலைந்து பக்கம். "விதிமுறைகளைப் படித்து ஒப்புக்கொள்கிறோம்" என்ற வரிக்குக் கீழே பெற்றோர் கையெழுத்து. உசிலம்பட்டிப் பக்கமிருந்து மதுரைக்கு வந்து மகளைச் சேர்க்கும் அப்பா, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடிவிடுவார். தாளில் என்னதான் இருந்தது என்ற கேள்வி, "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று சொல்லியனுப்பும் நாளில்தான் எழும்.

செய்திகள் வேறு குழப்புகின்றன. கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது என்கிறார்கள். அடிக்கக் கூடாது என்றால் ஒழுங்கை எப்படிக் காப்பது என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். ராகிங் என்று கைதாகிறார்கள், முடிவெட்டுக்காக வகுப்பை விட்டு வெளியே நிறுத்துகிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் "நடத்தை விதி" என்ற ஒரே பெயர். உள்ளே பார்த்தால் மூன்று அடுக்குகள். ஓர் அடுக்கில் தீர்க்க வேண்டியதை இன்னோர் அடுக்குக்குக் கொண்டுபோவதில்தான் பெரும்பாலான வம்பு தொடங்குகிறது.

## மூன்று அடுக்குகள்

1. சட்டம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆகியவை இதில் வரும். தாளில் அச்சாகியிருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும். கையெழுத்துப் போடாதவருக்கும் பொருந்தும்.

2. நிறுவன விதி. சீருடை, வருகை நேரம், கைப்பேசி, தேர்வு அறை ஒழுங்கு, விடுதி மூடும் நேரம். அரசுப் பள்ளிக்குத் துறைச் சுற்றறிக்கையாக வரும். தனியார் பள்ளியில் நிர்வாகம் எழுதும். கல்லூரியில் "காலண்டர்" என்று கையில் கொடுக்கும் சிறு புத்தகத்தில் இருக்கும். சட்டத்துக்கு உட்பட்டுத்தான் செல்லும்.

3. உடன்பாடு. ஒரு வகுப்போ விடுதியோ ஆய்வகமோ தனக்குள் பேசி ஒப்புக்கொண்டது. மீறினால் போலீஸ் வராது, டி.சி.யும் கிடையாது. ஆனால் ஆண்டின் 200, 220 வேலை நாளும் பிள்ளைகளைப் படிக்கவிடுவதோ விடாததோ இந்த அடுக்குதான்.

எந்த அடுக்கு என்று தெரியாதபோது ஒரு கேள்வி உதவும்: பாதிக்கப்பட்டவர் "சரி, விடுங்க" என்றால் விஷயம் முடிந்துவிடுமா? முடியும் என்றால் அது உடன்பாட்டுச் சிக்கல். அவர் விட்டாலும் விட முடியாது என்றால் சட்டம்.

## பேசி முடிக்கக் கூடாதவை

நாலு பெரிய மனிதர்களை உட்காரவைத்துப் பேசிவிட்டு அனுப்புவது நம் பக்கத்துப் பழக்கம். காணாமல்போன ஜியாமெட்ரி பாக்ஸுக்கு அது நல்ல வழி. கீழே உள்ளவற்றுக்கு அப்படிச் செய்யவே கூடாது.

போக்சோ: 18 வயதுக்குட்பட்டவர்மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், நடக்கக்கூடும் என்று அஞ்சக் காரணம் இருந்தாலும்கூட, காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். 19-ஆம் பிரிவு இந்தக் கடமையை "எவராயினும்" என்று சுமத்துகிறது. வகுப்பாசிரியர், ஆயா, வேன் ஓட்டுநர் எல்லாரும் அதில் அடக்கம். சொல்லாமல் மறைத்தால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம். தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். பள்ளி முதலில் தானே விசாரித்து உண்மை என்று உறுதி செய்தபின் சொல்லலாம் என்பது மிகப் பரவலான தவறான எண்ணம். விசாரிப்பது காவல்துறையின் வேலை. குழந்தையை நாலு பேர் நாலு முறை கேட்டால் அதற்கு வலி கூடுவதோடு, வாக்குமூலமும் வலுவிழக்கும். குழந்தையின் பெயரோ வகுப்போ பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வரவே கூடாது.

ராகிங்: 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்தே தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டாண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். தண்டிக்கப்பட்டவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார், வேறு கல்லூரியிலும் சேர முடியாது. வளாகத்துக்கு உள்ளே, வெளியே இரண்டும் சட்டத்தில் உண்டு. ஆகவே "கேட்டுக்கு வெளியே நடந்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்ற பதில் நிற்காது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிமுறை, குற்றம் என்று தெரிந்த 24 மணி நேரத்துக்குள் முதல்வர் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது.

சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது, தாக்குவது: பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவர், செய்தவர் அந்தப் பிரிவினர் அல்லாதவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தக்கூடும். துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். பள்ளி செய்ய வேண்டியது புகாரை எழுத்தில் வாங்கி அனுப்புவதும், புகார் சொன்ன பிள்ளையை அதே பெஞ்சில் தனியே விட்டுவிடாமல் இருப்பதும்.

## தண்டனைக்கும் எல்லை உண்டு

"கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க சார்" என்று சொல்லிப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சம்மதத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனை, மனத் துன்புறுத்தல் இரண்டையும் தடுக்கிறது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததைக் காட்டி, அங்கே அடிக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. உடல் தண்டனையைத் தடை செய்து தமிழ்நாடு கல்வி விதிகளின் 51-ஆம் விதி 2003-லேயே திருத்தப்பட்டுவிட்டதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நடைமுறையில் இது பிரம்பை மட்டும் குறிக்காது. முட்டி போடவைப்பது, வெயிலில் நிறுத்துவது, கழிப்பறை கழுவச் சொல்வது, மதிப்பெண்ணைச் சாதியோடும் அப்பா தொழிலோடும் சேர்த்துச் சொல்லிச் சிரிப்பது, ஆசிரியரே கத்தரிக்கோல் எடுத்து முடி வெட்டுவது எல்லாம் இதற்குள் வரும். சாப்பாட்டை நிறுத்துவதும்தான். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. தட்டு என்பது பிள்ளையின் உரிமை, நடத்தைக்குக் கிடைக்கும் பரிசு கிடையாது. "லேட்டா வந்தியா, போய் நில்லு" என்று உப்புமா வரிசையிலிருந்து இழுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

அடுத்தது டி.சி. மிரட்டல். தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்கிறது 16-ஆம் பிரிவு. "நீங்களே வந்து வாங்கிட்டுப் போயிருங்க" என்று பெற்றோரை எழுதிக் கொடுக்கவைப்பதும் பெயர் மாற்றிய வெளியேற்றமே. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் இந்தப் பிரிவு வராது. அங்கே பள்ளியின் சொந்த விதி, பெற்றோருக்கு எழுத்தில் காரணம், பிள்ளை தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு என்ற மூன்றும் இருக்க வேண்டும்.

## கயிறு, தெரு, பேருந்து

தென் மாவட்டங்களில் நடத்தை விதி பற்றிப் பேசி, சாதியைப் பேசாமல் விட்டால் பாதிகூடப் பேசியதாகாது. வண்ணக் கயிறு பற்றிப் பள்ளிக் கல்வித் துறை 2019-லேயே சுற்றறிக்கை அனுப்பியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது. 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறு, மோதிரம், சைக்கிளில் சாதிச் சின்னம் ஆகியவற்றைத் தடுப்பது, அகர வரிசையில் உட்காரவைப்பது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியைக் குறிக்கும் சொற்களை நீக்குவது ஆகியவை பரிந்துரைகளில் சில. மதுரை, தேனி, திண்டுக்கல் பகுதிகளில் உள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதனால் விவாதத்துக்கு வந்தன. குழுவின் பரிந்துரை தானாகவே சட்டமாகிவிடாது. அரசு ஆணையாகவோ சுற்றறிக்கையாகவோ வரும்போதுதான் பள்ளியைக் கட்டுப்படுத்தும்.

கயிற்றை அவிழ்ப்பது எளிது. கயிறு சொன்ன செய்தி வேறு வழி தேடிக்கொள்ளும். புதிதாகச் சேர்ந்த பையனிடம் "எந்த ஊரு?" என்ற கேள்வியை அடுத்து "ஊருக்குள்ள எந்தத் தெரு?" என்ற கேள்வி வரும். இரண்டாவது கேள்வியின் பொருள் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். வகுப்பு உடன்பாட்டில் "சாதி பாராட்ட மாட்டோம்" என்று எழுதுவதைவிட "யாரிடமும் எந்தத் தெரு என்று கேட்க மாட்டோம்" என்று எழுதுவது பத்து மடங்கு உதவும். அதுபோலவே கபடி அணியின் பனியன் நிறம், மதியம் சாப்பிட உட்காரும் வட்டம், செப்டம்பர் 11 (இமானுவேல் சேகரன் நினைவு நாள்), அக்டோபர் 30 (தேவர் ஜெயந்தி) நாட்களை ஒட்டி வைக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்.

பேருந்து தனிக் கதை. மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி, பேரையூர்த் தடங்களில் மாணவர்கள் ஏறும் வண்டியில் எந்த ஊர் எங்கே நிற்பது என்பது எழுதப்படாத விதி. பள்ளியில் அடங்கிய சண்டை மாலை 4:30-க்கு நிறுத்தத்தில் தொடங்கும். பள்ளியின் அதிகாரம் அங்கே பாதிதான். ஆனால் இரண்டு வேலை செய்யலாம்: வெவ்வேறு ஊர்ப் பிள்ளைகளைக் கலந்து வகுப்பு வேலைக் குழுக்கள் அமைப்பது, பிரச்சினை உள்ள வாரத்தில் ஓர் ஆசிரியர் நிறுத்தம்வரை கூடச் செல்வது. இரண்டாவதற்குப் பெற்றோரின் துணை வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்குப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது இப்படிப்பட்ட வேலைக்கும்தான். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவதோடு அந்தக் குழுவின் வேலை நின்றுவிடுவது பெரிய வீண்.

## வகுப்பு உடன்பாட்டை எழுதும் முறை

ஒரு வகுப்புக்கு இரண்டு பாடவேளை போதும். 40 பேர் என்று வைத்துக்கொள்வோம்.

1. முதல் பாடவேளையில் ஆளுக்கு ஒரு துண்டுத்தாள். "போன வருஷம் நீ படிக்க முடியாமல் போனதற்கு வகுப்பில் நடந்த இரண்டு காரணம் எழுது. யார் பெயரும் வேண்டாம்." பெயர் எழுதாதே என்பதை இரண்டு முறை சொல்ல வேண்டும். ஒரு பெயர் வந்தால்கூட மீதி நேரம் அதிலேயே போய்விடும்.

2. தாள்களைக் கலந்து, ஐந்து பேர் கொண்ட எட்டுக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்து, ஒரே மாதிரியானவற்றைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஏழெட்டுத் தலைப்புக்குள் அடங்கிவிடும்: பட்டப்பெயர், பின் பெஞ்சுச் சத்தம், நோட்டு கொடுக்காமை, தப்பாகப் பதில் சொன்னால் சிரிப்பது, புத்தகம் காணாமல்போவது, ஆசிரியர் சிலரிடம் மட்டும் கேள்வி கேட்பது. கடைசியில் உள்ளது வராமல் இருந்தால் பிள்ளைகள் பயந்து எழுதியிருக்கிறார்கள் என்று பொருள்.

3. இரண்டாம் பாடவேளையில் ஒவ்வொரு தலைப்பையும் ஒரு செயலாக மாற்ற வேண்டும். வாசலில் நிற்கும் மூன்றாம் ஆள் ஒருவர் பார்த்து "இது நடந்தது, நடக்கவில்லை" என்று சொல்ல முடிந்தால்தான் அது விதி. "மரியாதையாக நடப்போம்" இந்தச் சோதனையில் தேறாது. "வருகைப் பதிவேட்டில் உள்ள பெயரையோ அவரே சொன்ன பெயரையோ சொல்லித்தான் கூப்பிடுவோம்" தேறும். "ஒற்றுமையாக இருப்போம்" தேறாது. "இரண்டு நாளுக்கு மேல் வராதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் நோட்டு கொடுப்பார்" தேறும்.

4. ஐந்திலிருந்து ஏழு வரிக்குள் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் போனால் மனத்தில் நிற்காது. நினைவில் இல்லாத விதியை மீறியதற்குக் கேள்வி கேட்பது அநியாயம்.

5. ஆசிரியருக்கும் மூன்று வரி. திருத்திய நோட்டை எத்தனை நாளில் திருப்பித் தருவார், மதிப்பெண்ணைச் சத்தமாக வாசிப்பாரா மாட்டாரா, சந்தேகம் கேட்கும் நேரம் எது. இது புதுமோகம் என்று நினைப்பவர்கள் நன்னூலின் பொதுப்பாயிரத்தைப் புரட்டலாம். மாணாக்கர் எப்படிப்பட்டவர் என்று அன்னத்தையும் எருமையையும் காட்டி வகைப்படுத்துவதற்கு முன்னால், ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், பாடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதைத்தான் பவணந்தி முனிவர் வைத்திருக்கிறார்.

6. மீறினால் என்ன என்பதை அப்போதே எழுதிவிட வேண்டும். முதல் முறை: அன்றைக்கே, தனியாக, ஒரு பேச்சு. இரண்டாம் முறை: கெடுத்ததைச் சரிசெய்வது, கிழித்த நோட்டை எழுதிக் கொடுப்பது, கிறுக்கிய மேசையைத் துடைப்பது. மூன்றாம் முறை: பெற்றோரோடு உட்கார்ந்து பேசுவது, பிள்ளையும் இருக்கும்போது. அதன் பிறகுதான் தலைமையாசிரியர். முதல் படியைத் தாண்டி நேரே நான்காவதுக்குப் போகும் பள்ளியில், நான்காவதும் சீக்கிரம் பயமற்றுப்போகும்.

7. காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம், அரையாண்டு முடிந்த முதல் வாரம் என ஆண்டுக்கு இரண்டு முறை எடுத்துப் படித்து, வேலை செய்யாத வரியை நீக்க வேண்டும்.

## எங்கே கெடுகிறது

முதல் இடம் கரும்பலகையின் வலது ஓரம். ஆசிரியர் இல்லாத நேரத்தில் வகுப்பு லீடர் "பேசியவர்கள்" என்று பெயர் எழுதி, அதிகம் பேசினால் பக்கத்தில் பெருக்கல் குறி போடுவது நம் எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடு. வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் 13 வயதுப் பிள்ளைக்குத் தண்டனை வாங்கித்தரும் அதிகாரம் கொடுத்துவிட்டு, அவன் யார் பெயரை எழுதுவான், யார் பெயரை அழிப்பான் என்று யாரும் பார்ப்பதில்லை. மிட்டாய்க்கு அழிப்பான், பயத்துக்கு அழிப்பான். கலவையான ஊர்களில் அந்தப் பட்டியலே மாலைச் சண்டைக்கு அழைப்பிதழ். லீடருக்குச் சாக்பீஸ் எடுத்துவருவது, நோட்டு சேகரிப்பது போன்ற வேலை கொடுக்கலாம், தீர்ப்பு வேண்டாம்.

இரண்டாவது, "யாருன்னு சொல்ற வரைக்கும் எல்லாரும் நில்லுங்க." செய்தவனுக்கு மறைவிடம் கிடைக்கும், செய்யாத 39 பேருக்கும் பள்ளிமீது கசப்பு வரும். செய்தவர் யாரென்று தெரியாதபோது கல்லூரி ராகிங் விதிமுறை கூட்டுத் தண்டனைக்கு இடம் தருகிறது என்பது உண்மை. அது கல்லூரி ராகிங்குக்கு எழுதியது, எட்டாம் வகுப்பில் விசில் அடித்ததற்கு இல்லை.

மூன்றாவது, பிரேயரில் எல்லார் முன்னும் மன்னிப்புக் கேட்கவைப்பது. தலை குனிந்தவனின் கூட்டாளிகள் கணக்கு வைத்துக்கொள்வார்கள்.

நான்காவது, முடிவெட்டு. எடுத்துப் பார்த்தால் பல பள்ளிகளின் விதித்தாளில் தலைமுடிக்கும் பெண்பிள்ளைகளின் ரெட்டைச் சடைக்கும் ஒதுக்கிய வரிகள், அடுத்த பிள்ளையைக் கேலி செய்வதற்கு ஒதுக்கியதைவிட அதிகம். கண்ணுக்குத் தெரிவதால் பிடிப்பது எளிது, அவ்வளவுதான்.

## கல்லூரியில் கூடுதலாக

மாணவரும் பெற்றோரும் ஆண்டுதோறும் தரும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி இங்கே பலருக்கும் தெரியும். தெரியாதது, அதைக் கேட்கும் மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிமுறையில் கல்லூரிக்கு இருக்கும் கடமை: ஆறு புதியவர்களுக்கு ஒரு மூத்த மாணவர் வழிகாட்டி, முதலாண்டினருக்கு விடுதியில் தனிப் பகுதி, எதிர்பாராமல் சுற்றிவரும் கண்காணிப்புக் குழு. சேரும் நாளிலேயே "என் பிள்ளைக்கு வழிகாட்டி யார்?" என்று கேட்டால் அந்தக் கல்லூரி எவ்வளவு தயார் என்று தெரிந்துவிடும்.

பாலியல் தொந்தரவுக்கு மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைப்படி உள்ளகப் புகார்க் குழு. தலைவர் பெண் ஆசிரியர், உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர். மாணவர் சம்பந்தப்பட்டால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் மூவர். முதல்வர், பதிவாளர் போன்ற உயர்பதவியினர் உறுப்பினராக இருக்கக் கூடாது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார், 7 நாளில் எதிர்த்தரப்புக்கு நகல், 10 நாளில் அவர் பதில், 90 நாளுக்குள் விசாரணை.

காப்பியடிப்பதும் நடத்தைதான். ரெக்கார்டு நோட்டைக் கல்லூரிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் போன வருடத்து நோட்டைப் பார்த்து எழுதுவதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. ஆய்வேட்டுக்கு வரும்போதுதான் மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறை இடிக்கும்: ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை, 40 வரை திருத்தி மீண்டும் தர வேண்டும், 60 வரை ஓராண்டுத் தடை, அதற்கு மேல் பதிவே ரத்து. இளங்கலை முதல் பருவத்திலேயே "எடுத்த இடத்தைச் சொல்" என்ற ஒரு வரியை வகுப்பு உடன்பாட்டில் சேர்த்திருந்தால் அந்த அதிர்ச்சி வராது.

## யாரிடம் சொல்வது

விதித்தாள்களில் பெரும்பாலும் விடுபடும் பகுதி இது. குறைந்தது இரண்டு பெரியவர்களின் பெயர் வேண்டும். அதில் ஒருவர் பெண், ஒருவர் வகுப்பாசிரியர் அல்லாதவர். அரசுப் பள்ளிகளில் "மாணவர் மனசு" பெட்டி உண்டு. அது தலைமையாசிரியர் அறை வாசலில் இருந்தால் யாரும் சீட்டுப் போட மாட்டார்கள். தண்ணீர்த் தொட்டி, நூலகம் போல எல்லாரும் இயல்பாகப் போகும் இடத்தில் மாட்டினால் போடுவார்கள். சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. திறக்கும் நாளை வெளியே எழுதி வைக்க வேண்டும்.

தாளின் அடியில் எண்கள்: குழந்தைகள் உதவி 1098, பள்ளி மாணவர் உதவி 14417, பெண்கள் உதவி 181, ராகிங் புகார் 1800-180-5522. இவற்றோடு இன்னொரு வரியும் தேவை: புகார் தலைமையாசிரியர் மேலேயே என்றால் எங்கே போவது? பள்ளிக்கு மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். கல்லூரிக்கு மாணவர் குறைதீர் குழு, அதற்கு மேல் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளர். அலுவலக முகவரியும் தொலைபேசி எண்ணும் இல்லாமல் பதவிப் பெயரை மட்டும் அச்சிட்டிருந்தால், கையெழுத்துப் போடும் முன் பேனாவால் எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம்.